முகம் தெரியாதவர் கையில் உங்கள் விவரங்கள்: சமூக ஊடகங்களில் தனியுரிமை காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் நெருங்கிய தோழியின் பெயரில் ஒரு நாள் எனக்கு நட்பு அழைப்பு வந்தது. அவளுடைய படம், அவளுடைய பெயர், அவள் படித்த கல்லூரி எல்லாம் சரியாக இருந்தன. பழைய கணக்கு முடங்கியிருக்கும், புதிதாகத் தொடங்கியிருக்கிறாள் என்று நினைத்து ஏற்றுக்கொண்டேன். அரை மணி நேரத்தில் செய்தி வந்தது: அவசரமாகப் பணம் வேண்டும், நாளைக்குள் திருப்பித் தந்துவிடுகிறேன். அவள் என்னை மட்டும் கூப்பிடும் செல்லப் பெயரும் அதில் இருந்தது. அதுதான் என்னை நம்ப வைத்தது. அனுப்புவதற்கு முன் ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று அழைத்தேன். அவளுக்கு எதுவுமே தெரியவில்லை. ஆனால் அதற்குள் அவளுடைய சித்தி பணத்தை அனுப்பிவிட்டிருந்தார்.

யாரும் அவள் கணக்கை உடைக்கவில்லை, பாஸ்வேர்டைத் திருடவில்லை. அவளுடைய படம் பொதுவில் இருந்தது. நண்பர்கள் பட்டியல் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்திருந்தது. செல்லப் பெயர்? என் பிறந்தநாள் படத்துக்குக் கீழே அவள் எழுதிய வாழ்த்தில் இருந்தது. அந்தப் படத்தைப் பொதுவில் போட்டவள் நான்.

இந்த வழிகாட்டியை அந்த நாளிலிருந்து கற்றதை வைத்து எழுதுகிறேன். நாம் தனித்தனியாகப் பகிரும் எதுவும் பெரிய ரகசியம் இல்லை. அவற்றை ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் ஆபத்து பிறக்கிறது. 2000ஆம் ஆண்டில் லடான்யா ஸ்வீனி என்ற கணினி அறிவியலாளர் ஒரு கணக்குப் போட்டார். அஞ்சல் குறியீடு, பாலினம், முழுப் பிறந்த தேதி ஆகிய மூன்று மட்டும் இருந்தால் அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனியாக அடையாளம் காட்டிவிடலாம் என்பது அவருக்குக் கிடைத்த விடை. பெயரே தேவையில்லை. ஆகவே நாம் செய்ய வேண்டியது இணையத்தை விட்டு ஓடுவதல்ல, இந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடங்களை வெட்டிவிடுவது.

முதல் படி: அந்நியராக மாறி உங்களையே தேடுங்கள்

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பலரும் இதைத் தாண்டிவிட்டு நேராக செட்டிங்ஸுக்குப் போகிறார்கள். எது வெளியே தெரிகிறது என்றே தெரியாமல் எதை மூடுவது?

பிரௌசரில் தனிப்பட்ட சாளரத்தை (இன்காக்னிட்டோ) திறந்துகொள்ளுங்கள். எந்தக் கணக்கிலும் நுழைய வேண்டாம். உங்கள் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். அப்புறம் பெயரோடு வேலை, பெயரோடு படித்த இடம் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். தொலைபேசி எண்ணைத் தேடுங்கள், மின்னஞ்சல் முகவரியைத் தேடுங்கள். முக்கியமாக, நீங்கள் பல தளங்களில் பயன்படுத்தும் பயனர்பெயரைத் தேடுங்கள். பத்து வருடங்களுக்கு முன் வைத்துக்கொண்ட ஒரு விளையாட்டுப் பெயர், இன்றைய தொழில்முறைக் கணக்கை அன்றைய சண்டைகளோடு சேர்த்துவிடும். கடைசியாக, முகப்புப் படத்தைப் படத் தேடலில் போட்டு அது வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள்.

கண்ணில் பட்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒரு திருடனின் இடத்தில் உட்கார்ந்து அந்தத் தாளைப் படியுங்கள். இதை வைத்து உங்கள் மின்னஞ்சலின் பாதுகாப்புக் கேள்விகளுக்கு அவனால் பதில் சொல்ல முடியுமா? உங்கள் அம்மாவை அழைத்து, உங்கள் அலுவலகத்திலிருந்து பேசுவதாக நம்ப வைக்க முடியுமா? நீங்கள் எந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டீர்கள் என்று சொல்ல முடியுமா?

மிகையாகத் தோன்றினால் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்கிறேன். 2008இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக நின்ற சாரா பேலினின் யாஹூ மின்னஞ்சலுக்குள் ஒரு கல்லூரி மாணவன் நுழைந்தான். பாஸ்வேர்டை மாற்ற அந்தத் தளம் கேட்டவை பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை முதலில் எங்கே சந்தித்தார் என்பது. எல்லாவற்றுக்கும் விடை பொதுவெளியில் கிடந்தது. பிரபலங்களைப் பற்றி அன்று கிடைத்த அளவுக்கு, இன்று சாதாரண மனிதர்களைப் பற்றியும் கிடைக்கிறது. நாமே எழுதி வைத்திருக்கிறோம்.

இதனால்தான் "உங்கள் முதல் பள்ளி எது, முதலில் வளர்த்த நாயின் பெயர் என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்" என்று சுற்றிவரும் பதிவுகளுக்குப் பதில் எழுதாதீர்கள் என்கிறேன். கேட்பவர் நல்லவராகவே இருக்கலாம். பதில் எல்லோர் கண்ணிலும் படும். பாதுகாப்புக் கேள்விகளுக்கு உண்மையான பதிலைக் கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். முதல் பள்ளியின் பெயர் என்ன என்ற கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத நான்கு சொற்களை எழுதி, அதைப் பாஸ்வேர்ட் மேலாளரில், அதாவது பாஸ்வேர்டுகளைப் பூட்டிச் சேமித்து வைக்கும் செயலியில், சேமித்து வையுங்கள்.

இரண்டாம் படி: சுயவிவரத்தைக் களையெடுங்கள்

பெரும்பாலான தளங்களில் சுயவிவரத்தின் ஒவ்வொரு வரிக்கும் யார் பார்க்கலாம் என்று தனித்தனியாகத் தேர்வு செய்யலாம். தொலைபேசி எண், மின்னஞ்சல், வீட்டு முகவரி, பிறந்த ஆண்டு, குடும்ப உறவுகள் ஆகியவற்றை "நான் மட்டும்" என்று வைத்துவிடுங்கள். வாழ்த்துகள் வேண்டுமென்றால் நாளும் மாதமும் மட்டும் நண்பர்களுக்குத் தெரியட்டும், ஆண்டை மறையுங்கள்.

பொய்யான பிறந்த தேதியைக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நான் வேண்டாம் என்பேன். கணக்கு பூட்டப்பட்டு, நீங்கள்தான் என்று நிரூபிக்க வேண்டி வந்தால் அந்தப் பொய் உங்களையே வெளியே நிறுத்திவிடும். உண்மையைக் கொடுத்து மறைத்து வைப்பதே நல்லது. கட்டாயமில்லாத கட்டங்களைக் காலியாகவே விடுங்கள்.

லிங்க்ட்இன் போன்ற தொழில் தளங்களில் எல்லாவற்றையும் மறைக்க முடியாது, வேலை தேடுபவர் தெரிந்தாக வேண்டும். அங்கே பதவியையும் திறமைகளையும் எழுதுங்கள். எந்த மேலாளரின் கீழ், எந்த மென்பொருளில், எந்த வாடிக்கையாளருக்காக வேலை செய்கிறீர்கள் என்ற நுணுக்கம் வேண்டாம். உங்கள் அலுவலகத்தைக் குறிவைத்துப் போலி மின்னஞ்சல் அனுப்புபவனுக்கு அதுதான் தேவை.

மூன்றாம் படி: தொலைபேசி எண்

எல்லாத் துண்டுகளையும் கட்டும் கயிறு இது. பெயர் ஒன்றுபோல் ஆயிரம் பேருக்கு இருக்கும். எண் உங்களுக்கு மட்டும்தான். வங்கி, மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாம் அதில்தான் தொங்குகின்றன.

2021 ஏப்ரலில் ஃபேஸ்புக் பயனர்கள் 53 கோடி பேருக்கு மேற்பட்டவர்களின் தொலைபேசி எண்களும் பெயர்களும் இணையத்தில் இலவசமாகக் கொட்டப்பட்டன. 106 நாடுகளைச் சேர்ந்தவர்கள் அதில் இருந்தார்கள். யாரும் சர்வருக்குள் சுவரேறிக் குதிக்கவில்லை. எண்களைக் கொடுத்தால் அவற்றுக்குரிய நண்பர்களைக் கண்டுபிடித்துத் தரும் வசதியையே தவறாகப் பயன்படுத்தி, எண்களை வரிசையாகப் போட்டுப் போட்டு ஆட்களைச் சேகரித்திருந்தார்கள். எண்ணைச் சுயவிவரத்தில் காட்டாதவர்களும் சிக்கினார்கள். காட்டுவது வேறு, தேட அனுமதிப்பது வேறு. இரண்டுக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு.

எனவே தனியுரிமை அமைப்புகளில் "தொலைபேசி எண்ணை வைத்து உங்களை யார் தேடலாம்" என்ற இடத்தைக் கண்டுபிடித்து, இருப்பதிலேயே குறுகிய தேர்வை வையுங்கள். மின்னஞ்சலுக்கும் அப்படியே. பிறகு தொடர்புப் பட்டியலைத் தளத்துக்கு ஏற்றும் வசதியை நிறுத்துங்கள், ஏற்கெனவே ஏற்றியதை அழியுங்கள். அந்தப் பட்டியலில் உங்கள் மருத்துவர் இருக்கிறார், முன்னாள் சக ஊழியர் இருக்கிறார், யாருக்கும் எண்ணைக் கொடுக்காமல் ஒதுங்கி வாழும் ஒருவர் இருக்கலாம். அவர்களிடம் நாம் கேட்கவில்லை.

பாதுகாப்புக்காகக் கொடுக்கும் எண்ணும் அதற்கு மட்டும் பயன்படும் என்று நம்ப முடியாது. கணக்கைக் காக்க என்று சொல்லி வாங்கிய எண்களையும் மின்னஞ்சல்களையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக 2022இல் ட்விட்டர் அமெரிக்க அரசுக்கு 15 கோடி டாலர் அபராதம் கட்டியது.

நான்காம் படி: யார் பார்க்கலாம்

இனி எழுதும் பதிவுகளுக்கு இயல்பான பார்வையாளர்களை "நண்பர்கள்" என்று மாற்றுங்கள். பழையவற்றை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டாம். ஃபேஸ்புக்கில் பழைய பதிவுகளையெல்லாம் ஒரே அழுத்தில் நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்கும் வசதி இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் கணக்கையே தனிப்பட்டதாக மாற்றலாம். வாட்ஸ்அப்பில் முகப்புப் படம், கடைசியாக இணைந்த நேரம், குழுக்களில் சேர்க்கும் உரிமை ஆகிய மூன்றையும் "என் தொடர்புகள்" என்று மாற்றுங்கள்.

நண்பர்கள் பட்டியலைக் கட்டாயம் மறையுங்கள். என் தோழியின் சித்தியை அந்தப் போலி ஆள் கண்டுபிடித்தது அந்தப் பட்டியலில்தான். ஒருவரை ஏமாற்ற அவரைப் பற்றித் தெரிந்தால் போதாது, அவர் யாரை நம்புகிறார் என்று தெரிய வேண்டும். பட்டியல் அதைத்தான் சொல்கிறது.

பிறர் உங்களை டேக் செய்தால், நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே உங்கள் பக்கத்தில் வரும்படி வையுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். நண்பர்கள் பட்டியலில் முகம் தெரியாத 300 பேர் இருந்தால் "நண்பர்கள் மட்டும்" என்பது வெறும் சொல். ஒரு மாலை நேரம் உட்கார்ந்து பட்டியலை மேலிருந்து கீழே பாருங்கள். இவரைத் தெருவில் பார்த்தால் நின்று பேசுவேனா என்று ஒவ்வொருவருக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். நீக்குவதால் யாருக்கும் அறிவிப்பு போகாது. ஏற்கெனவே நண்பராக இருப்பவரிடமிருந்து மறுபடி அழைப்பு வந்தால் ஏற்காதீர்கள், முதலில் போனில் கேளுங்கள். நான் அன்று அதைச் செய்யவில்லை.

ஐந்தாம் படி: படங்கள்

எழுத்தில் கவனமாக இருப்பவர்கூடப் படத்தில் தவறிவிடுவார். நாம் படத்தில் முகத்தைப் பார்க்கிறோம், தேடுபவர் பின்னணியைப் பார்க்கிறார்.

கேமராவே எழுதி வைப்பது ஒன்று உண்டு. தொலைபேசியில் எடுக்கும் படக் கோப்புக்குள் எடுத்த நேரம், கருவியின் பெயர், லொகேஷன் திறந்திருந்தால் இடத்தின் ஆயத்தொலைகள் (வரைபடத்தில் அந்த இடத்தைச் சரியாகக் காட்டும் எண்கள்) வரை பதிவாகும். 2012 டிசம்பரில், வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர் பெற்ற ஜான் மெக்காஃபி தலைமறைவாக இருந்தபோது அவரோடு எடுத்த படம் ஒன்றை வைஸ் இதழ் வெளியிட்டது. அந்தக் கோப்பிலிருந்த ஆயத்தொலைகள் அவர் குவாத்தமாலாவில் இருப்பதைக் காட்டிக்கொடுத்தன. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் வெளியே காட்டும் படத்திலிருந்து இதை நீக்கிவிடுகின்றன. ஆனால் மூலப் படத்தை மின்னஞ்சலிலோ, வாட்ஸ்அப்பில் ஆவணமாகவோ அனுப்பினால் அது அப்படியே போகும். கேமரா செயலிக்கு லொகேஷன் அனுமதியை நிறுத்திவிட்டால் பிரச்சினை வேரிலேயே முடிந்தது.

படத்துக்குள் கண்ணுக்குத் தெரிபவை இதைவிடப் பெரிய சிக்கல். வாசலில் கதவு எண், வண்டியின் பதிவெண், கழுத்தில் தொங்கும் அலுவலக அட்டை, பிள்ளையின் பள்ளிச் சீருடை, மேசைமேல் கிடக்கும் கடிதம், கண்ணாடியில் தெரியும் கணினித் திரை. விமானச் சீட்டைப் படமெடுத்துப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 2020இல் ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் தன் சீட்டின் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார். அதிலிருந்த முன்பதிவு எண்ணை வைத்து ஒருவர் விமான நிறுவனத்தின் தளத்தில் நுழைந்து, அவருடைய கடவுச்சீட்டு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் கண்டுபிடித்துவிட்டார். நல்லவேளை, கண்டுபிடித்தவர் அதைத் தவறாகப் பயன்படுத்தாமல் உரியவர்களிடம் சொன்னார். கிழித்துப் போட்டாலும் கசக்கிப் போட்டாலும் அடையாள ஆவணங்களின் படம் பொதுவில் வரக் கூடாது. மறைப்பதென்றால் மங்கலாக்காமல் கெட்டியான கறுப்புப் பட்டையால் மூடி, பிறகு அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதைப் பகிருங்கள்.

மூன்றாவது, வழக்கம். ஒரு படம் ஒரு இடத்தைக் காட்டும், முப்பது படங்கள் உங்கள் கால அட்டவணையைக் காட்டும். உடற்பயிற்சி செயலியான ஸ்ட்ராவா 2017 நவம்பரில் உலகம் முழுக்கப் பயனர்கள் ஓடிய பாதைகளை ஒளிக்கோடுகளாக்கி ஒரு வரைபடம் வெளியிட்டது. அதில் யாருடைய பெயரும் இல்லை. இரண்டு மாதங்கள் கழித்து ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதைக் கூர்ந்து பார்த்தபோது, பாலைவனத்தின் நடுவே ராணுவ முகாம்களின் வடிவம் ஒளிர்வதைக் கவனித்தார். வீரர்கள் தினமும் முகாமைச் சுற்றி ஓடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் காலை நடையும் தினமும் ஒரே வாசலில் தொடங்கி அதே வாசலில்தான் முடிகிறது. தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதி இத்தகைய செயலிகளில் உண்டு, போட்டுவிடுங்கள்.

பயணப் படங்களைத் திரும்பி வந்த பிறகு போடுங்கள். ஒரு இடத்தில் இருக்கும்போதே அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் நெருங்கிய ஐந்து பேருக்குத் தனியாக அனுப்புங்கள்.

ஆறாம் படி: பக்கவாட்டுக் கதவுகள்

எங்கோ ஒரு வினாடி வினாவுக்காக, ஒரு விளையாட்டுக்காக "ஃபேஸ்புக் மூலம் நுழைக" என்று அழுத்தியிருப்பீர்கள். அந்தச் செயலிக்கு நீங்கள் கொடுத்த அனுமதி இன்னும் உயிரோடு இருக்கலாம். இதில் உலகத்துக்கே பாடமானது, அரசியல் பிரச்சாரங்களுக்காக மக்களின் தரவை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் அனலிடிகா நிறுவனத்தின் விவகாரம். ஆளுமையைக் கணித்துச் சொல்வதாக வந்த ஒரு செயலியை நிறுவியவர்கள் ஏறத்தாழ 2,70,000 பேர். அன்றைய விதிப்படி அது அவர்களுடைய நண்பர்களின் விவரங்களையும் எடுக்க முடிந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 8.7 கோடி பேர் வரை இருக்கலாம் என்று 2018இல் ஃபேஸ்புக்கே சொன்னது. அடுத்த ஆண்டு தனியுரிமை மீறல்களுக்காக அந்த நிறுவனத்துக்கு 500 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த 8.7 கோடியில் பெரும்பாலோர் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை.

ஒவ்வொரு கணக்கிலும் "இணைக்கப்பட்ட செயலிகள்" பகுதிக்குப் போங்கள். பெயர் நினைவில்லாததை நீக்குங்கள், ஆறு மாதமாகத் தொடாததை நீக்குங்கள்.

விருப்பக்குறிகளும் (லைக்) பேசும். 2013இல் வெளியான ஓர் ஆய்வு, 58,000 தன்னார்வலர்களின் ஃபேஸ்புக் விருப்பங்களை மட்டும் வைத்து அவர்களின் அரசியல் சாய்வு, பாலியல் நாட்டம், மதம் போன்றவற்றைப் பெருமளவு சரியாகக் கணித்தது. நோய், நம்பிக்கை, அரசியல் சார்ந்த பக்கங்களை விரும்புவதற்கு முன் அந்தப் பட்டியலை யார் பார்க்கலாம் என்று பார்த்துவிடுங்கள்.

ஏழாம் படி: பூட்டு

ஒவ்வொரு தளத்துக்கும் வேறு பாஸ்வேர்ட். 2012இல் லிங்க்ட்இன்னிலிருந்து திருடப்பட்ட 11.7 கோடிப் பேரின் விவரங்கள் நான்கு ஆண்டுகள் கழித்து விற்பனைக்கு வந்தன. ஒரே பாஸ்வேர்டை எங்கும் வைத்திருந்தவர்களுக்குப் பழைய திருட்டு புதிய ஆபத்தானது. உங்கள் மின்னஞ்சல் இப்படி எங்காவது கசிந்திருக்கிறதா என்று "ஹேவ் ஐ பீன் போன்ட்" தளத்தில் பார்க்கலாம்.

பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியைவிட, அந்தக் குறியீட்டை உருவாக்கித் தரும் செயலி மேல். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைவராக இருந்த ஜாக் டோர்சியின் சொந்தக் கணக்கையே அவருடைய தொலைபேசி எண்ணைக் கைப்பற்றித்தான் பிடித்தார்கள். தொலைபேசி தொலைந்தால் கணக்குக்குள் நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் 6 இலக்கப் பின் எண்ணைப் போடுங்கள்.

எட்டாம் படி: பிறருடைய விவரங்கள்

நம் கவனக்குறைவுக்கு விலை கொடுப்பவர் பல நேரங்களில் வேறொருவர். என் படத்தின் கீழிருந்த ஒரு வாழ்த்து என் தோழிக்கு எதிராகப் பயன்பட்டது போல. நண்பர்களின் படத்தைப் போடுவதற்கு முன் கேளுங்கள். "போடலாமா?" என்று ஒரு செய்தி, அவ்வளவுதான். யார் எந்த மருத்துவமனையில் இருக்கிறார், யாருக்கு வேலை போனது, யார் கர்ப்பமாக இருக்கிறார் என்பவை அவரவர் சொல்ல வேண்டிய செய்திகள்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கடுமையாக இருக்கிறேன். பிறந்த அன்றே பெயர், தேதி, எடை, மருத்துவமனை என்று பதிவு போட்டால், அந்தக் குழந்தையின் வாழ்நாள் அடையாளத்தில் பாதி பொதுவில் போய்விடுகிறது. அது பெரியவளாகும்போது அந்தத் தேதியை மாற்ற முடியாது. குளிக்கும் படம், அழும் படம், மதிப்பெண் அட்டை எதுவும் வேண்டாம். பள்ளியின் பெயர் தெரியும் படம் வேண்டவே வேண்டாம். பேச்சு புரியும் வயது வந்துவிட்டால் பிள்ளையிடமே அனுமதி கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். தாத்தா பாட்டிக்குக் காட்ட வேண்டுமென்றால் குடும்பத்துக்கு மட்டுமான ஒரு சிறு குழு போதும், படத்தை வேறெங்கும் போட வேண்டாம் என்று அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால்

உங்கள் பெயரில் போலிக் கணக்கு வந்தால், முதலில் அதன் முகவரியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். பிறகு புகார் செய்யுங்கள், நான்கைந்து நண்பர்களையும் அந்தப் போலிக் கணக்கின் பக்கத்துக்குப் போய்ப் புகார் செய்யச் சொல்லுங்கள். உங்கள் உண்மைக் கணக்கில் எச்சரிக்கைப் பதிவு போடுங்கள். சமூக ஊடகத்தில் அதிகம் இல்லாத வயதானவர்களைப் போனில் அழைத்துச் சொல்லுங்கள். பணம் கேட்டு முதலில் தொந்தரவு போவது அவர்களுக்குத்தான்.

கணக்கே கைவிட்டுப் போனால் மின்னஞ்சலை முதலில் பாதுகாத்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாவற்றையும் மீட்கும் வழி அதுதான். பாஸ்வேர்டை மாற்றியதும் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதை அழுத்துங்கள்.

அந்தரங்கப் படத்தை வெளியிடுவதாக யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள், தனியாக இருக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டுக் காவல்துறையிடம் போங்கள். தவறு உங்களுடையதல்ல. பெரியவர்களுக்கு ஸ்டாப் என்சிஐஐ (StopNCII), 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கு டேக் இட் டவுன் (Take It Down) என்ற இலவசச் சேவைகள் இருக்கின்றன. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் கருவியிலேயே படத்தின் இலக்கக் கைரேகை போன்ற ஒரு குறியீடு உருவாகி, அது மட்டும் போகும். அதே படம் பங்கேற்கும் தளங்களில் ஏறினால் அடையாளம் கண்டு தடுக்கப் பார்ப்பார்கள்.

கணக்கையே மூட முடிவு செய்தால், முதலில் உங்கள் தரவைத் தரவிறக்குங்கள். எல்லாப் பெரிய தளங்களிலும் அந்த வசதி உண்டு. கோப்பைத் திறந்து பாருங்கள், உங்களைப் பற்றி எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பது தெரியும். "செயலிழக்க வைப்பது" வேறு, "அழிப்பது" வேறு. முதலாவதில் எல்லாம் அங்கேயே இருக்கும். ஃபேஸ்புக்கில் அழிக்கச் சொன்ன பிறகு 30 நாட்கள் காத்திருப்பு, அதற்குள் ஒரு முறை நுழைந்தாலும் அழிப்பை ரத்து செய்ய வழி கொடுக்கும். அதன் பிறகு முழுவதும் நீங்க 90 நாட்கள் வரை ஆகலாம். நீங்கள் அனுப்பிய செய்திகள் மட்டும் பெற்றவர்களின் பெட்டியில் அப்படியே இருக்கும். ஆகவே எண், முகவரி, ஆவணப் படம் அனுப்பிய உரையாடல்களைக் கணக்கு உயிரோடு இருக்கும்போதே தேடிப் பிடித்து, எதையெல்லாம் இரு பக்கமும் நீக்க முடியுமோ அதையெல்லாம் நீக்கிவிட்டு, முடியாதவற்றுக்கு அந்த நண்பரிடமே கேட்டுவிட்டு, அப்புறம் அழிக்கும் பொத்தானை அழுத்துங்கள்.